சாணி மெழுகாத வீடு

வைரக்கண்ணுவுக்குச் சாணி ஆகாது, வாடை பட்டாலே தும்மல் பிய்த்துக்கொண்டு வரும் என்பது நெய்விளக்குடி கீழத்தெருவில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. மனுஷர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் அவர் வீட்டுத் தரையில் இன்றுவரை ஒரு கைச் சாணி பட்டதில்லை. களிமண்ணும் உமிக்கரியும் குழைத்துத்தான் மெழுகல். மெழுகிக் காய்ந்தபின் கூழாங்கல்லால் தேய்த்துவிட்டால் தரை கன்னங்கரேலென்று பளபளக்கும். போலீஸ் தடியைப் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினவர், பண்ணையின் அடியாள் கூரையைப் பிரித்தபோது அசையாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தவர், மாட்டுச் சாணிக்குப் பயந்து தெருக்கோடிக்கு ஓடின கதையைச் சொல்லித் தெருவே சிரிக்கும். அவர் மகள் அம்சமும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். சிரித்து முடித்ததும் உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் குடிப்பாள்.

ஏனென்றால் தும்மல் பொய். அம்சத்தின் அம்மா கட்டிவிட்ட பொய்.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை, அம்மா ஊர் வழக்கப்படி சாணியைக் கரைத்துத் தரையை மெழுக உட்கார்ந்திருக்கிறாள். வயலிலிருந்து வந்த வைரக்கண்ணு வாசலில் கால் வைத்தவர், அப்படியே திரும்பிப் போய் வேலியோரம் குனிந்து வாந்தி எடுத்திருக்கிறார். பயந்துபோன புதுப்பெண்ணிடம் அன்றைக்குப் பூராவும் வாயே திறக்கவில்லை. மறுநாள்தான் சொன்னார். பதின்மூன்று வயதில் பண்ணை மாடு மேய்த்தபோது, ஒரு மாடு வரப்பைத் தாண்டி நாற்றங்காலில் வாய் வைத்துவிட்டது. பண்ணையின் காரியக்காரன் அவரைக் களத்து மேட்டில் முட்டி போட வைத்துச் சாணியைக் கரைத்து வாயில் ஊற்றினான். குடித்து முடிக்கும்வரை சவுக்கு முதுகின் மேலேயே நின்றது. பெற்ற அப்பன் ஐந்தடி தள்ளி நெல் தூற்றிக்கொண்டிருந்தார். தூற்றுவதை அவர் நிறுத்தவில்லை, நிறுத்தியிருந்தால் அடுத்த சட்டி அவருக்கு.

வைரக்கண்ணு பிற்பாடு சங்கம் கட்டினார். கூலிக்கு நின்றார், குடியிருக்கும் மனைக்கு நின்றார், செருப்புப் போட்டுக்கொண்டு அக்கிரகாரத்தின் வழியே ஆட்களை நடத்திக் கூட்டிப்போனார். கீழத்தெருவில் ஓடு போடக்கூடாது என்று பண்ணை சொன்ன காலத்தில் இந்த வீட்டுக்கு நாட்டு ஓடு போட்டார். மேடையில் சவுக்கடியைச் சொல்வார், ஜெயிலைச் சொல்வார். இதை மட்டும் எந்த மேடையிலும் சொன்னதில்லை. "இது என் வாயோட போவட்டும்" என்றார் பெண்டாட்டியிடம். அவள் தன் கடைசிக் காலத்தில் அம்சத்திடம் சொல்லிவிட்டு, "அப்பாகிட்டகூடத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதால் துக்கம், சொன்னால் வெட்கம் என்பார்களே, அது அந்த வீட்டில் தலைமுறை விட்டுத் தலைமுறை இறங்கிய சொத்து.

இப்போது அந்த வீட்டைக் காப்பாற்றினால்தான் தெரு பிழைக்கும் என்று ஆகிவிட்டது. புறவழிச்சாலைக்காரர்கள் வந்து, தெருவின் நட்டநடுவில் மஞ்சள் பூசிய கல்லை வரிசையாக நட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பணம் தருகிறார்களாம், வேறெங்கோ மனை காட்டுகிறார்களாம். ஒரு மனைக்கட்டுக்காக ஜெயிலுக்குப் போன தெருவுக்கு வேறெங்கோ என்ற வார்த்தையே ஆகாது. மன்னார்குடி வக்கீல்தான் வழி சொன்னார். வைரக்கண்ணு வீட்டை நினைவில்லமாக அரசு எடுத்துக்கொண்டால் சாலையைத் தள்ளித்தான் போடவேண்டும், பக்கத்தில் செங்கல் காளவாய்த் திடல் சும்மா கிடக்கிறது, அதன் வழியாகப் போகட்டும் என்றார். மனு மேல் மனு போட்டு, கடைசியில் ஷீபா என்ற அதிகாரி வந்தாள். தரங்கம்பாடிக்காரி. பழைய கட்டடங்களைப் பழுது பார்த்துக் காப்பாற்றுகிற வேலை. முப்பத்தைந்து வயதிருக்கும். மண்சுவரைத் தடவித் தடவிப் பார்த்ததிலேயே அவளுக்கு வீட்டைப் பிடித்துப்போயிற்று என்று அம்சத்துக்குத் தெரிந்தது.

எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் தரைக்கு வந்தாள்.

"ஏம்மா, தரை மட்டும் ஏன் இப்படிக் கறுப்பா இருக்கு? சாணி மெழுகுற வழக்கம் இல்லையா?"

அம்சத்துக்குப் பழகின பொய்தான் கைகொடுத்தது. "அப்பாவுக்கு ஆவாதுங்க மேடம். தும்மல் வரும்."

ஷீபா சிரித்தாள். "அவர்தான் இப்ப இல்லையேம்மா. எங்க பெரிய சார் அடுத்த வாரம் நேர்ல பாக்க வர்றார். அவர் சரின்னு எழுதினாத்தான் எல்லாம். பாத்த உடனே பழைய கிராமத்து வீடுன்னு அவருக்குத் தோணணும். இது என்னமோ சிமெண்டுல கறுப்புச் சாயம் போட்ட மாதிரி இருக்கு. சாணி மெழுகி வச்சீங்கன்னா நல்லா இருக்கும்."

பக்கத்தில் நின்ற குந்தவை தலையைத் தலையை ஆட்டினாள். எதிர்வீட்டுப் பெண். பி.எட். முடித்துவிட்டு மன்னார்குடியில் ஒரு தனியார் பள்ளியில் பாடம் எடுக்கிறாள். மனு எழுதினது, வக்கீலிடம் அலைந்தது, ஷீபாவுக்குப் போன் மேல் போன் போட்டது எல்லாம் அவள்தான். அம்சம் அவளைப் பார்த்தாள், ஷீபாவைப் பார்த்தாள், தெருவில் நின்ற மஞ்சள் கல்லைப் பார்த்தாள். 'பாத்துக்கலாம், பெரிய சார் வர்ற அன்னிக்கு ஏதாவது சாக்குச் சொல்லிக்கலாம்' என்று நினைத்துக்கொண்டாள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்ட காரியம் எதுவும் உருப்பட்டதாகச் சரித்திரம் இல்லை.

பெரிய சார் வருவதற்கு முதல்நாள் அம்சம் தஞ்சாவூருக்குப் போனாள். அப்பா ஜெயிலிலிருந்து வெளியே வந்த அன்று எடுத்த சின்னப் படம் ஒன்று இருந்தது. அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வாங்கி வரவேண்டும். சாவியைக் குந்தவையிடம் கொடுத்து, "வீட்டைக் கொஞ்சம் நல்லாப் பெருக்கி வைடி" என்றுதான் சொன்னாள். கடைக்காரன் இதோ அதோ என்று பொழுதைச் சாய்த்துவிட்டான், மழையும் பிடித்துக்கொண்டது. சித்தப்பா மகள் வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தாள். செய்தித்தாளில் சுற்றிய படத்தை மடியில் வைத்துக்கொண்டு வழி முழுக்க அவளுக்கு ஒரே படபடப்பு. பெரிய சார் சுவரைப் பார்த்து முகம் சுளித்தால்? ஓடு ஒழுகுகிற மூலையைக் கேட்டால்? இந்த ஒரு வீட்டை நம்பி நாற்பது குடும்பம் உலை வைத்திருக்கிறதே, நாம் ஏதாவது உளறிக் கெடுத்துவிட்டால்?

தெருமுனையில் இறங்கும்போதே வாடை வந்தது. யாரோ மாட்டுக்கொட்டகை கழுவுகிறார்கள் என்று நினைத்தாள். நாலு வீடு தாண்டியும் வாடை விடவில்லை. கூடக்கூட வந்தது. தன் வீட்டு வாசலுக்கு வந்ததும் அவளுடைய கால் நின்றுவிட்டது.

தரை முழுக்கப் பச்சைச் சாணி. ஈரம் காயாமல், கைவிரல் வளைவு வளைவாகத் தெரிய, மூலைமுடுக்கு விடாமல் மெழுகியிருந்தது. நடுவில் செம்மண் கரை கட்டிய பெரிய கோலம். தெருவின் மேலக்கோடிப் பெண்களெல்லாம் வாசலில் நின்றிருந்தார்கள், முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. குந்தவை முழங்கை வரை சாணியோடு ஓடிவந்தாள்.

"அத்த! எப்பிடி இருக்கு? விடியக்காலம்பரயே எந்திரிச்சுட்டோம். அத்தனை பேரும் வந்து ஆளுக்கு ஒரு கை போட்டாங்க. தாத்தா இருந்திருந்தா தும்மித் தும்மியே நம்மளத் தொரத்தி இருப்பாரு!"

எல்லாரும் சிரித்தார்கள். அம்சமும் சிரிக்கத்தான் வேண்டும். அத்தனை வருஷமும் சிரித்தவள்தானே. உதட்டை இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். இங்கே தாழியை உடைத்தது பகையாளி இல்லை. அவள்மேல் உயிரையே வைத்திருக்கிற பிள்ளைகள் ஆசை ஆசையாக உடைத்திருக்கிறார்கள். யாரைக் கோபித்துக்கொள்வது? பொய் சொன்னது யார்?

"உள்ள வாங்க அத்த, காலு வச்சா ஒண்ணும் ஆவாது, இந்தப் பக்கம் காஞ்சிருச்சு."

"இருக்கட்டும்டி. படம்... படத்தைப் பிரிக்கணும்" என்று வாசலிலேயே நின்றுகொண்டாள்.

அந்த நேரத்தில் ஷீபாவின் கார் வந்தது. இறங்கி எட்டிப் பார்த்தவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அருமை! இதைத்தாம்மா நான் சொன்னேன். சார் திருவாரூர் தாண்டிட்டார், இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துருவார். படம் வந்துருச்சா? குடுங்க, உள்ள நடுச்சுவத்துல மாட்டிடலாம். சார் வரும்போது நீங்க அதுக்குக் கீழ தரையில உக்காந்திருங்க. போட்டோ எடுத்தா ரொம்ப நல்லா இருக்கும்."

அம்சம் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். செய்தித்தாள் கிழிந்த இடத்தில் அப்பாவின் ஒரு கண்ணும் பாதி மீசையும் தெரிந்தன.

"என்னம்மா?"

"மேடம்... இந்தத் தரை... சார் போனப்புறம் பழையபடி கரி மெழுகிக்கலாமுங்களா?"

"அதெல்லாம் இல்லம்மா. நாம எழுதி அனுப்புறப்போ வீடு எப்படி இருக்கோ, அப்படியே காலத்துக்கும் இருக்கணும். அதுதான் சட்டம். கவலைப்படாதீங்க, வாராவாரம் சாணி மெழுக ஒரு ஆளே போட்டுருவாங்க. உங்களுக்கு வேலை மிச்சம்."

காலத்துக்கும். அப்பாவின் படம் நடுச்சுவரில் இருக்கும். கீழே வாராவாரம் சாணி கரைப்பார்கள். சர்க்காரே சம்பளம் கொடுத்து ஆள் வைத்துக் கரைக்கச் சொல்லும். சுவரில் இருக்கிற மனுஷர் வேலியோரம் ஓடவும் முடியாது.

சொல்லிவிட்டால்? 'இது என் வாயோட போவட்டும்' என்று சொன்ன வாய் அது. செத்தபின் மகளே அதைத் தெருவில் போட்டு உடைப்பதா? நாளைக்கு இந்தச் சின்னப் பெண்கள் அப்பாவின் பெயரைக் கேட்டால் சங்கக் கொடியை நினைப்பார்களா, சாணியை நினைப்பார்களா? சரி, சொன்னதாகவே வைத்துக்கொள்வோம். பெரிய சார் வருகிற நேரத்தில் இந்தத் தரையை என்ன செய்வது? அவர் பாதியிலே திரும்பிப் போய்விட்டால் கல் நட்ட இடத்தில் ரோடு வரும். வாயை மூடிக்கொண்டிருந்தால் தெரு பிழைக்கும். வாயை மூடிக்கொண்டு நெல் தூற்றிய தாத்தாவின் நினைவு வந்தது அவளுக்கு. அவரும் குடும்பம் பிழைக்கட்டும் என்றுதானே தூற்றிக்கொண்டிருந்தார்.

"குடுங்கம்மா, நேரமாச்சு" என்று ஷீபா படத்துக்குக் கை நீட்டினாள்.

"எங்கப்பாவுக்குத் தும்மலே வராது மேடம்" என்றாள் அம்சம்.

சொன்ன குரல் அவளுக்கே யாருடையதோ போலிருந்தது. அதன்பின் நிறுத்த முடியவில்லை. படத்தை அணைத்தபடியே, யார் முகத்தையும் பார்க்காமல், வாசற்படியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மாடு வரப்புத் தாண்டியது, களத்து மேடு, சட்டி, சவுக்கு, தூற்றிக்கொண்டே நின்ற தாத்தா. அம்மா மெழுகின முதல் வெள்ளிக்கிழமை. மொத்தமும் சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. இத்தனை காலம் பாரமாகக் கிடந்தது சொல்லும்போது இவ்வளவுதானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

குந்தவை தன் கைகளைப் பார்த்தாள். காய்ந்த சாணி நகக்கண்ணில் இருந்தது. கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள், அடி வாங்கப் போகிற பிள்ளை மாதிரி. பிறகு என்ன நினைத்தாளோ, துப்பட்டாவை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு எதிரே தன் வீட்டுக்குள் ஓடினாள். வரும்போது கையில் களைக்கொட்டு இருந்தது.

"ஏய், என்ன பண்ற?" ஷீபா பதறிவிட்டாள். "சார் வந்துக்கிட்டே இருக்கார்! இப்பக் கொத்தினா தரை அலங்கோலமாயிரும். நான் அவருக்கு என்ன காட்டுறது?"

அம்சத்துக்கும் அதே பயம்தான். "வேணாம்டி குந்தவ, சார் பாத்துட்டுப் போவட்டும், அப்புறம் மேடத்துகிட்டச் சொல்லி மாத்திக்குவோம், நாப்பது குடும்பம்டி..." என்று கையைப் பிடித்தாள்.

"விடுங்க அத்த. நானு போட்டது, நான்தான் எடுக்கணும்."

முதல் கொத்து கோலத்தின் மேலேயே விழுந்தது. அடுத்து மேலக்கோடிப் பெண்கள் கொட்டாங்கச்சியோடும் கரண்டியோடும் உள்ளே இறங்கினார்கள். ஒருத்தி குடத்துத் தண்ணீரை ஊற்றினாள், ஒருத்தி துடைப்பத்தால் தள்ளினாள். சாணி மட்டும் தனியாக வரவில்லை. கறுப்புத் தரையின் தோலையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வந்தது. வீடு, கல்யாணப் பந்தல் பிரித்த இடம் மாதிரி கந்தலாகிப் போயிற்று. ஷீபா நெற்றியில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, அவளும் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் கொட்டிய சாணிக் குழம்பைத் தள்ளிவிட ஆரம்பித்தாள். "நான்தாம்மா சொன்னேன்" என்று ஒரு தடவை சொன்னாள்.

பாதித் தரைகூட முடியவில்லை. பெரிய சாரின் வண்டி வந்து நின்றுவிட்டது.

வெள்ளைச் சட்டை, பளபளக்கிற ஷூ, பின்னால் குடை பிடிக்க ஓர் ஆள். வாசலில் நின்று உள்ளே பார்த்தார். புருவம் ஏறியது. "என்ன ஷீபா இது? தரையை ஏன் கொத்திப் போட்டிருக்காங்க? பழைய வீட்டைக் காட்டுறேன்னு கூப்பிட்டுட்டு இடிச்ச வீட்டைக் காட்டுறீங்க?"

ஷீபா அம்சத்தைத் திரும்பிப் பார்த்தாள். அம்சம் வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. ஒரு தடவை சொன்னதே அவளுடைய ஆயுசுக்கும் போதும் போலிருந்தது. அவ்வளவுதான், எல்லாம் போயிற்று, தெரு போயிற்று என்று நினைத்தாள்.

உள்ளே முட்டி போட்டுச் சுரண்டிக்கொண்டிருந்த குந்தவை எழுந்து நின்றாள். வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில், தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"சார், இந்த வீட்டுக்காரருக்குப் பதிமூணு வயசுல பண்ணையில சாணியக் கரைச்சு வாயில ஊத்துனாங்க. அதனால அவரு சாகுற வரைக்கும் இந்தத் தரையில சாணி மெழுகல. எங்களுக்குத் தெரியாது. நீங்க வர்றீங்கன்னு நாங்களே மெழுகிட்டோம். இப்ப எடுத்துக்கிட்டு இருக்கோம்."

பெரிய சார் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கீழே பார்த்தார். அவருடைய ஷூ நுனியில் கொஞ்சம் சாணி ஒட்டியிருந்தது.

"இத்தனை புத்தகம் போட்டிருக்காங்க அவரைப் பத்தி. ஒண்ணுலயும் இது இல்லையே" என்றார், மெதுவாக. "ஏன் யாருமே சொல்லல?"

"அவருக்கு வெக்கமுங்க ஐயா" என்றாள் அம்சம். எப்படியோ குரல் வந்துவிட்டது.

"குடிச்சவருக்கு எதுக்கு அத்த வெக்கம்?" குந்தவை சட்டென்று திரும்பினாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "கரைச்சவனுக்குல்ல இருக்கணும்!"

இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு கணக்கு இருப்பது அம்சத்துக்குத் தோன்றியதே இல்லை. அப்பாவுக்கும் தோன்றியதில்லை. ஊருக்கெல்லாம் நியாயம் பேசினவர், தன் விஷயத்தில் மட்டும் எவனோ ஒரு காரியக்காரனின் வெட்கத்தைத் தன் தலையில் சுமந்துகொண்டு போய்ச் சேர்ந்திருக்கிறார். நினைக்க நினைக்க அவளுக்கு அப்பாவின்மேல் இரக்கமும் கோபமும் ஒன்றாகப் பொங்கின.

பெரிய சார் உள்ளே வரவில்லை. ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். "முழுக்க எடுத்து முடிங்க. முடிச்சப்புறம் என்னைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, எதிரே பூவரச மரத்தடியில் யாரோ கொண்டுவந்து போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் வெறுங்காலோடு உட்கார்ந்தார். திருத்துறைப்பூண்டியில் அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிறது என்று குடைக்காரர் வந்து காதில் சொன்னார். அவர் எழுந்திருக்கவில்லை.

அவர் என்ன எழுதினார், அது எந்தெந்த மேசைக்குப் போயிற்று என்பதெல்லாம் கீழத்தெருவுக்குத் தெரியாது. தை அறுப்பு முடிந்த ஒரு நாளில் ஆட்கள் வந்து மஞ்சள் கல்லைப் பிடுங்கிக்கொண்டு போய்க் காளவாய்த் திடலில் நட்டார்கள், அதுதான் தெரியும். ஆனால் அன்றைக்குக் காலையில் அம்சத்துக்கு அதுவும் தெரியாது. மரத்தடியில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து வந்து என்ன சொல்வாரோ என்று அவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

கடைசி மூலையைச் சுரண்டிக் கழுவித் தள்ளியபோது வெயில் ஏறியிருந்தது. தரை மேடும் பள்ளமுமாக, ஈரத்தோடு, ஆனால் கறுப்பாக இருந்தது. குந்தவை குனிந்து முகர்ந்து பார்த்தாள். பிறகு வாசலில் நின்ற அம்சத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

அம்சம் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். செய்தித்தாளைப் பிரித்து, படத்தை நடுச்சுவரில் மாட்டினாள். ஜெயில் வாசலில் நின்று கண்ணால் மட்டும் சிரிக்கிற அந்த முகத்தில், இறுக்கி மூடிய வாயைத்தான் முதலில் பார்த்தாள்.

"சொல்லிட்டேம்ப்பா" என்றாள். "எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன்."

பிறகு வெளியே வந்து, பெரிய சாரைக் கூப்பிட்டாள்.